எம்-சீல் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஊரின் ஹார்டுவேர் கடைக்குச் சென்றாலும், கல்லாவுக்கு அருகில் கைக்கெட்டும் இடத்தில் எம்-சீல் பொட்டலம் தொங்கிக்கொண்டிருக்கும். மோட்டாரிலிருந்து மேல்தொட்டிக்குச் செல்லும் இரும்புக் குழாய் கசிந்தாலும், சன்னல் கொக்கி கையோடு வந்துவிட்டாலும், வாளியின் அடியில் ஓட்டை விழுந்தாலும் நாம் முதலில் தேடுவது அதைத்தான். பிசைகிறோம், அப்புகிறோம், கல்லைப் போல் இறுகிவிட்டதைத் தட்டிப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் அடுத்த மழைக்காலம் வருவதற்குள், அப்பிய வடிவம் மாறாமல் முழுத் துண்டாக அது கழன்று தரையில் கிடக்கிறது. சரக்கு போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், அந்தத் துண்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் உட்புறத்தில் செம்பழுப்பாக ஒரு துருப்படலம் ஒட்டிக்கொண்டிருந்தால், பசை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பசை துருவை விடவில்லை. துருதான் இரும்பை விட்டுவிட்டது.

எம்-சீல் என்பது ஒரு வணிகப் பெயர்தான் என்றாலும், நம் பேச்சில் அது பிசைந்து ஒட்டும் பசைகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பொட்டலத்தில் உள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று எபாக்சி பிசின், மற்றொன்று அதை இறுகச் செய்யும் ஹார்டனர்; இரண்டிலும் நுண்ணிய கனிமத் தூள் சேர்த்து, சப்பாத்தி மாவின் பதத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்தவுடன் வேதிவினை தொடங்கி, சற்றே சூடு பிறந்து, பசை இறுகுகிறது. சுண்ணாம்பைப் போலவோ பெயிண்டைப் போலவோ இது ஈரம் வெளியேறிக் காய்வதில்லை. ஆகவே இறுகும்போது பெரிதாகச் சுருங்குவதும் இல்லை, ஒருமுறை இறுகிய பின் மறுபடி பிசைந்து கொள்ளவும் முடியாது. பிசைந்து ஒட்டும் பசை என்பது நமக்குப் புதிதும் அன்று. கோயில்களில் மூலவர் திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கச் சாத்தும் அஷ்டபந்தன மருந்து, கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலியவற்றைச் சேர்த்து இடித்துப் பக்குவப்படுத்தும் அதே வகைப் பொருள்தான். குடமுழுக்கின்போது பழைய மருந்தை முற்றிலும் சுரண்டி எடுத்துத் தூய்மை செய்த பிறகே புதிய மருந்தைச் சாத்துவார்கள். பீடத்துக்குக் காட்டும் அந்தப் பொறுமையில் கால்பங்கை நாம் குழாய்க்குக் காட்டினால் போதும்.

இங்கே பொறுமை எதற்குத் தேவை என்றால், உப்புக்கு. கடற்காற்று வெறும் ஈரக்காற்று அன்று. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகள்களாகி, சுவரிலும் கம்பியிலும் குழாயிலும் படிகின்றன. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிட வறண்ட காற்றிலிருந்தும் அது ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆகவே கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் கம்பியின் மேல், உண்மையில் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் பசையை அப்பினால் பசைக்கும் இரும்புக்கும் நடுவே உப்பைப் பூட்டி வைத்தது போலாகும். அது உள்ளிருந்தே இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைக் கண்டறிவதற்கு மண்டபத்தில் ஓர் ஆய்வுக்களம் வைத்திருப்பதே, இந்தக் காற்று எப்படிப்பட்டது என்பதற்குப் போதிய சான்று.

எந்தப் பக்கம் உப்பு மிகுதி என்பது காலத்தைப் பொறுத்தது. பாம்பன் தீவில் தெற்குக் கரை மன்னார் வளைகுடாவையும் வடக்குக் கரை பாக் விரிகுடாவையும் பார்த்திருக்கின்றன. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கும் மேற்கும் பார்த்த சன்னல்களிலும், வாடை வீசும் மாதங்களில் வடக்கும் கிழக்கும் பார்த்த சன்னல்களிலும் உப்புப் பூப்பதைக் காணலாம். பழுது பார்க்க வேண்டிய இடம் காற்று நேரே அடிக்கும் பக்கத்தில் இருந்தால், முடிந்தவரை அந்தக் காற்று ஓய்ந்த பருவத்தில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கம்பி பிரஷ்ஷால் தளர்ந்த துருவை உதிர்க்க வேண்டும். செதில் செதிலாக எழும்பியிருந்தால் பழைய ஆக்சா பிளேடால் சுரண்டி எடுத்து, அதன்பின் முரட்டு உப்புத்தாளால், இரும்பின் சாம்பல் நிறப் பளபளப்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாள் என்று பெயர் இருந்தாலும் அது துருவைத்தான் எடுக்கும். துருவின் குழிகளுக்குள் இறங்கியிருக்கும் உப்பை எடுக்காது. அதை எடுக்க நல்ல தண்ணீர் ஒன்றே வழி. குடத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊர்களில், அதை இரும்புக் குழாய் மேல் ஊற்றச் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் முறைப்பார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ கரிப்பாக இருக்கும் இடத்தில் அதைக் கொண்டு கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். ஒரு சொம்பு காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ போதும். பாதி நீரை ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குழிகளை நன்றாகத் தேய்த்து, மீதி நீரால் அலசி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, வெயிலில் விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடமானால் கழுவும்போதே சிறிது சோப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது காய்ந்த பின் தின்னர் நனைத்த துணியால் துடைக்கலாம்.

கழுவியது போதுமா என்பதை அறிய எளிய வழி உண்டு. கழுவி உலர்த்திய இரும்பை ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் மேற்பரப்பு முழுவதும் இலேசாக மங்கியிருந்தால் கவலை இல்லை, இரண்டு தேய்ப்பில் போய்விடும். ஆனால் குறிப்பிட்ட சில குழிகளில் மட்டும் புள்ளி புள்ளியாகச் செம்பழுப்பு கிளம்பியிருந்தால், அந்தக் குழிகளில் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி தேய்த்து மறுபடி கழுவ வேண்டும். எங்கள் வீட்டு மாடிக் குழாயில் மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டியிருந்தது. கைக்கு அலுப்பாகத்தான் இருந்தது; ஆனால் அதற்கு முன் அதே இடத்தில் இரண்டு முறை ஒட்டி இரண்டு முறையும் விழுந்த பசையின் விலையை விட அந்த மூன்று சொம்பு தண்ணீர் மலிவு.

வேலைக்கு உகந்த நேரம், காலை வெயில் ஏறிப் பனி ஈரம் முற்றிலும் நீங்கிய பிறகு, உச்சி வெயிலுக்கு முன். விடியற்காலையில் இரும்பு காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் அதன் மேல் நீர் வியர்த்திருக்கும். நண்பகலிலோ பசை கைக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும்; வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நேரம் மிதமான வெப்பநிலைக்கானது. சித்திரை வெயிலில் அதில் பாதிதான் நமக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒருமுறைக்கு எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் பிசையாமல் இருப்பது நல்லது. பெரிய உருண்டையாக வைத்திருந்தால் அதன் சூடு அதற்குள்ளேயே தங்கி இன்னும் விரைவாக இறுகும்.

இரண்டு துண்டுகளையும் சம அளவில் வெட்டி எடுக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைச் சற்றே கூட்டிப் போடும் பழக்கம் நம் கரையில் பரவலாக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதும் எளிதில் விளங்கும். ஃபைபர் படகு வேலையில் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில், ஊற்றும் வினையூக்கியைக் கூட்டினால் உண்மையிலேயே விரைவாக இறுகும். எபாக்சி அப்படி அன்று. இங்கே ஹார்டனர் பிசினோடு தானே பிணைந்து பொருளின் ஒரு பகுதியாகிவிடுவதால், கூட்டிப் போட்டால் மிஞ்சியது பிணைய ஆளில்லாமல் உள்ளே தங்கிப் பசையை வலுவிழக்கச் செய்யும். குறைத்துப் போட்டாலும் அதே கதிதான். அளவு சமமாகவும் கலவை முழுமையாகவும் இருப்பதே வேகம். ஒன்று வெளிர் நிறமாகவும் மற்றொன்று கருமையாகவும் இருப்பது நமது வசதிக்காக: நீட்டி, மடித்து, முறுக்கி, மறுபடி நீட்டி, வரியோ கோடோ தெரியாமல் ஒரே சாம்பல் நிறம் வரும் வரை பிசைய வேண்டும். உருண்டையைப் பிட்டு உட்புறத்தையும் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளியே ஒரே நிறமாகி உள்ளே பளிங்குக்கல் போல் வரியோடியிருப்பதுண்டு. கையுறை கட்டாயம். இறுகாத எபாக்சி, குறிப்பாக ஹார்டனர், தோலில் அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். மெல்லிய பிளாஸ்டிக் கையுறை இல்லையென்றால் கேரிப்பையை விரலில் மாட்டிக்கொண்டாவது பிசையலாம். தோலில் பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. தின்னரால் துடைத்தால் அது பசையைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்லும்.

ஒட்டும் முறை எல்லா இடத்துக்கும் ஒன்று அன்று; அடிக்கடி வருவது இரும்புக் குழாய்க் கசிவு என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். முதலில் கேட் வால்வை அடைத்து, கீழே உள்ள குழாயைத் திறந்து, நீரை முழுவதும் வடிக்க வேண்டும். நீருக்கு அடியிலும் இறுகும் வகைப் பசைகள் உண்டு என்றாலும், இறுகுவது வேறு, பிடிப்பது வேறு. ஈரத்தின் மேல் அப்பியது இறுகிய பின்னும் தொப்பியைப் போல் கழன்று வரலாம். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை தூரம் தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகு, பசையில் சிறிது எடுத்து அந்த இடம் முழுவதும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, பெயிண்ட் பூசியது போல் மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடும் படி இதுதான். உருண்டையை அப்படியே வைத்து அழுத்தினால் நடுவில் காற்று அடைபட்டு, குழாயைத் தொட்டிருக்கும் பரப்பு பாதியாகிவிடும். முதலில் தேய்த்த மெல்லிய பூச்சு குழிகளுக்குள் இறங்கிப் பல்லாகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் மீதிப் பசையைப் பட்டையாகத் தட்டிக் குழாயை முழுவதும் சுற்றி வளைத்து, நடுவில் சுண்டுவிரல் தடிமனும் ஓரங்களில் குறைந்துகொண்டே வரும் சரிவுமாக அமைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுப் போட்டால் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வளையமாகச் சுற்றியதைத் தள்ள முடியாது. விரலை நல்ல தண்ணீரில் நனைத்து மேற்பரப்பை நீவினால் வழவழப்பாகிவிடும், ஆனால் இந்த நீவல் கடைசியில்தான். அடுக்குகளுக்கு நடுவே ஈரக்கை படக் கூடாது. ஓரிரு மணி நேரத்தில் தட்டினால் கல்போல் ஒலிக்கும் என்பதற்காக மோட்டாரைப் போட்டுவிடாமல், முழு வலுவும் வர ஒரு நாள் விட்டு வைக்க வேண்டும். வீட்டில் அவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் முடியாது என்றால், முதல் நாளே குடங்களை நிரப்பி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே முறை.

நீரை முழுவதும் நிறுத்த முடியாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் இடத்தில், பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, நன்கு இழுத்து இறுக்கிச் சுற்றிக் கட்டிச் சொட்டை நிறுத்திவிட்டு, டியூபையும் அதற்கு இரு பக்கமும் உள்ள காய்ந்த இரும்பையும் சேர்த்து மூடுமாறு பசையைச் சுற்றலாம். இது பிளம்பர் வரும் வரைக்கான ஏற்பாடு.

சன்னல் கம்பி, கேட்டின் கீல், திருகு பிடிக்காமல் பெருத்துவிட்ட மரச்சட்டத் துளை ஆகியவற்றில் பசை நன்றாகவே உழைக்கும். மரத்துளையில் உளுத்த தூளைக் கிண்டி எடுத்துவிட்டுப் பசையை அடைத்து, அரைகுறையாக இறுகியிருக்கும்போது திருகில் சிறிது மெழுகு தடவி மெதுவாகத் திருகி வைத்தால் மரையே அதில் பதிந்துவிடும்; அல்லது முழுவதும் இறுகிய பிறகு டிரில் போட்டுக்கொள்ளலாம். இறுகிய பசையை அரத்தால் ராவலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம். தேய்க்கும்போது எழும் தூளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியில் வெயில் படும் இடமானால் கட்டாயம் பெயிண்ட் அடிக்க வேண்டும், ஏனெனில் எபாக்சியின் மேற்பரப்பு வெயிலில் நாளடைவில் சுண்ணாம்பு போல் பொடிந்துபோகும். பசையின் ஓரத்தைத் தாண்டி இரும்பின் மேலும் இரண்டு விரல் அகலம் துருத்தடுப்புப் பெயிண்டான ரெட் ஆக்சைடு பூசிவிட்டால், உப்பு நுழைவதற்கான அந்த ஓர இடுக்கும் அடைபடும்.

ஒட்டாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாடியில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, பிளாஸ்டிக் குடம், வாளி, மீன் ஏற்றும் பிளாஸ்டிக் கூடை ஆகியவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீனால் ஆனவை. இவற்றின் மேற்பரப்பில் தாமரை இலையில் தண்ணீர் போல எதுவும் பற்றாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் எபாக்சி இவற்றில் நிலைக்காது. தொட்டியில் வெடிப்பு விட்டால் அதே வகைப் பிளாஸ்டிக்கைச் சூட்டால் உருக்கி ஒட்டுபவரை அழைப்பதே சரி. பிவிசி குழாய்க்கு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பின் பசை ஓரளவு பிடிக்கும் என்றாலும், வெட்டி எடுத்துவிட்டு ஒரு கப்ளிங்கும் சொலுயூஷனும் போடுவது அதைவிட மலிவு, நிலையானது.

சில இடங்களில் ஒட்டவே கூடாது. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரிலோ டியூபிலோ இந்தப் பசைக்கு வேலையில்லை. கசிவு தெரிந்தால் மூடிவிட்டு ஏஜென்சியைக் கூப்பிட வேண்டும். அடுப்பில் ஏறும் பாத்திரத்துக்கும் குக்கர் கைப்பிடிக்கும் ஆகாது, சாதாரண எபாக்சி 60, 70 டிகிரி சூட்டிலேயே வலுவிழக்கத் தொடங்கிவிடும். குடிநீர் வைக்கும் பாத்திரத்தின் உட்புறத்திலும் வைக்கக் கூடாது. கூரையில் கம்பி துருவேறிக் காங்கிரீட் பெயர்ந்திருந்தால் அதைப் பசையால் அடைப்பது மிகப் பெரிய தவறு. இரும்பு துருவாகும்போது முன்னைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் காங்கிரீட் பிளக்கிறது. வெளியே மூடிவிட்டாலும் உள்ளே உப்பு வேலை செய்துகொண்டே இருந்து, ஒரு நாள் பெரிய பாளமாக விழும். அது கட்டட வேலை தெரிந்தவர் கம்பி வரை கொத்திப் பார்க்க வேண்டிய பழுது.

ஃபைபர் படகுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே சிறு கீறல் விழுந்தால் கரை சேரும் வரைக்கும் போதுமானது என்பதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். கரைக்கு வந்த பின் ரெசினும் மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பும் வைத்து முறையாக ஃபைபர் வேலை செய்பவரிடம் காட்டும்போது, அந்த இடத்தில் எம்-சீல் வைத்திருப்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் எபாக்சியின் மேல் சரியாகப் பிடிப்பதில்லை. அவர் அதை முழுவதும் கிரைண்டரால் அரைத்து எடுத்துவிட்டுத்தான் மேட் வைக்க வேண்டும். மேலே பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டால், கடலில் வைத்து அது தெரியவரும்.

எபாக்சி இறுகினால் வளையாது. ஆகவே செல்போன் சார்ஜர் வயரின் கழுத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவு ரப்பர் போன்று அசைந்துகொண்டே இருக்கும் இடங்களில் வெடித்துவிடும். அப்படிப்பட்ட இடங்களுக்கென்று சிலிக்கோன் வகையில் பிசைந்து ஒட்டும் பசை ஒன்று, சுக்ரு என்ற பெயரில், 2009ஆம் ஆண்டு முதல் விற்பனையாகிறது. இணையத்தில் வரவழைக்கலாம், விலை அதிகம். அதில் இரண்டு பகுதிகள் இல்லை. உறையைப் பிரித்ததும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஒரு நாளில் ரப்பராக மாறும். நம் ஊர்க் காற்றின் ஈரம் கெடுதல் செய்யாத ஒரே பசை இதுதான் என்று எனக்குத் தோன்றும். எனினும் ஒட்டும் பரப்பில் உப்பும் பிசுக்கும் இல்லாமல் துடைக்கும் வேலை இதற்கும் உண்டு. மின்சாரம் ஓடும் வயரின் செம்புக் கம்பியே வெளியே தெரிந்தால் ஒட்டாமல் வயரையே மாற்றிவிட வேண்டும். சுடுநீரில் போட்டால் இளகிப் பிசையத்தக்கதாகும் பிளாஸ்டிக் மணிகளும் கிடைக்கின்றன. அவை ஏறத்தாழ 60 டிகிரியில் உருகுபவை என்பதால், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ தகரக் கூரையின் மேலோ வைக்கும் பொருளுக்கு ஏற்றவை அல்ல.

மிச்சப்பட்ட எம்-சீலை அடுத்த முறைக்கு வைப்பதிலும் கடலோரத்தில் கவனம் வேண்டும். இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியே பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, சமையலறையில் அல்லாமல் குழந்தைகளின் கைக்கு எட்டாத, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். ஹார்டனர் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. சில மாதம் கழித்து எடுக்கும்போது அதன் மேல் வெள்ளைப் படலமோ தடித்த தோலோ படிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே மென்மையாக இருப்பதை மட்டும் பயன்படுத்தலாம். வெட்டும் கத்தியை ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் நடுவில் துடைத்துக்கொள்ள மறக்கக் கூடாது.